குரங்கணிச் சாலையில் ஒரு சொர்க்கவாசல்

கல்லூரித் தோழி ஒருத்தி எனக்கு மலை வீடியோக்களாக அனுப்பிக்கொண்டிருப்பாள். ஒரு மாதம் ஊட்டி, அடுத்த மாதம் கொல்லிமலை, எல்லாவற்றின் மேலும் ஒரே தலைப்பு: பூலோக சொர்க்கம். போன புரட்டாசியில் குரங்கணியின் முறை வந்தது. பனி, அருவி, ட்ரோன் காட்சி, பின்னணியில் புல்லாங்குழல். "சொர்க்கத்துக்குப் போனால் மனிதர்கள் இருக்க மாட்டார்களா? ஒருவரையும் காணோமே" என்று பதில் போட்டேன். "நீ போய்ப் பார்த்துவிட்டுப் பேசு" என்றாள்.

ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படிச் சீண்டினால் போவதா என்று தோன்றினாலும், ஐப்பசியில் மூன்று நாள் விடுப்பு சேர்ந்தது. போனேன். சொர்க்கம் என்ற சொல்லின் மீது எனக்குப் பல காலமாகச் சந்தேகம் உண்டு. சினிமாப் பாட்டில் அது காதலியின் மடி. மனை விற்பவருக்கு அது தார் போடாத நாற்பதடிச் சாலை. மேடையில் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகு வரப்போகும் ஏதோ ஒன்று. இந்தப் பயணத்தில் அந்தச் சொல் எங்கெல்லாம் எதிர்ப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே போவது என்று தீர்மானித்தேன்.

மதுரையிலிருந்து போடிக்குக் காலை ரயில். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தேனியைத் தாண்டியதும் வலப்பக்க ஜன்னல், இடப்பக்க ஜன்னல் என்று சண்டை போட வேண்டியதில்லை. முன்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். (பஸ்சில் வருபவர்கள் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.) போடியில் இறங்கியதும் முதல் சொர்க்கம் கிடைத்தது. நிலையத்துக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில் நட்ட ஒரு மனை விளம்பரப் பலகை. இரண்டாவது, நான் பொங்கல் சாப்பிட்ட கடையின் சுவரில், ஒரு திருமண மண்டபத்தின் காலண்டர்.

போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர். பஸ் எண்ணிக்கை குறைவு. ஷேர் ஜீப்பில் ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். ஓட்டுநர் கருப்பசாமிக்கு ஊர் பக்கத்திலுள்ள சிலமலை. முப்பது வயதிருக்கும். ஜீப்பு கிளம்பியதும் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார். அதிலும் சொர்க்கம்தான்.

"தம்பி, இந்தப் பாட்டுல சொல்ற சொர்க்கம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்கிட்டக் கேட்டா எப்டிக்கா? நான் டெய்லி ரெண்டு ட்ரிப்பு மேல போறேன், ரெண்டு ட்ரிப்பு கீழ வர்றேன். இருந்திருந்தா ஒரு தடவையாச்சும் ஸ்டாப்பிங் கேட்டிருப்பாகல்ல?"

ஜீப்பில் இருந்த எஸ்டேட் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது.

ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்னால், ஒரு வளைவில், சாலையின் குறுக்கே பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கம்புகள் நட்டு, மேலே வெள்ளையும் நீலமுமாகத் துணி சுற்றி, பஞ்சில் மேகம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் தும்பிக்கை தூக்கிய தெர்மாகோல் யானைகள். உச்சியில் சங்கு, சக்கரம், நடுவில் ஒரு தலைவரின் முகம். கட்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் தன் கட்சி என்றே நினைத்துக்கொள்ளலாம். முகத்துக்குக் கீழே 'மலையைச் சொர்க்கமாக்க வருகிறார்' என்று எழுதியிருந்தது. மேற்பார்வை செய்தவர் ராசிங்காபுரத்து முருகேசன். நாற்பது வயது, புது வேட்டி, கழுத்தில் துண்டு, தொண்டை கட்டியிருந்தது.

"மூணு மணிக்குத் தலைவரு வர்றாரு. பட்டன அமுக்குனா கதவு ரெண்டும் தானாத் தொறக்கும். வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாள் கோயில்ல சொர்க்கவாசல் தொறப்பாகல்ல, அதே மாதிரி" என்று ஜன்னல் வழியாக எனக்கு விளக்கினார். முகத்தில் அவ்வளவு பெருமை. கதவுகளை இன்னும் மாட்டவில்லை என்பதால் எங்கள் ஜீப்பு தடையின்றி மேலே போனது.

குரங்கணியில் இறங்கி, கோட்டகுடிப் பக்கமாக ஜீப் தடத்தில் நடந்தேன். மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நான் ஏறவில்லை, தடத்தோடு நிறுத்திக்கொண்டேன். காப்பிச் செடிகள், அதற்கு மேலே மர நிழலில் ஏலச்செடிகள். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். பனி கீழே இறங்கி வந்து மரங்களுக்கிடையில் நின்றபோது, தோழிக்கு ஒரு படம் அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். சிக்னல் இல்லை. தப்பித்தேன்.

திரும்பும் வழியில் ஒரு சரிவின் கீழே லோடு ஜீப்பு நின்றிருந்தது. காலையில் வந்த அதே வண்டி, ஓட்டுநரும் கருப்பசாமியேதான். கூரை மேலே, கேரியரில் ஈர மூட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று கட்டளை போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் பேச்சியம்மாள்.

"கயித்த இறுக்குடா மாப்ளே, ஓங் கல்யாணத்துக்கா தோரணம் கட்டுற? வெரசா ஆகட்டும்!"

பிறகு என்னைப் பார்த்து, "கீழயா போறீக? முன்னால ஏறுங்கக்கா. இனி வண்டி கெடைக்காது" என்றார்.

போகும் வழியில் கதை தெரிந்தது. இருபது வருடத்துக்கு மேலாக எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்தவர். மூன்று வருடம் முன்பு ஒரு சின்னத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். ஏலச்செடி நட்ட உடனே காய்க்காது. எஸ்டேட் வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தானே களை எடுத்து வளர்த்திருக்கிறார். இதுதான் முதல் காய்ப்பு. பறித்த காய் மூட்டையிலேயே கிடந்து சூடேறினால் புளித்து நிறம் மங்கிவிடும். பச்சை போனால் விலையும் போனது. போடிக்கு வெளியே இருக்கும் உலர்த்தும் ஸ்டோரில் இன்று மாலை ஐந்து மணிக்கு அவருடைய முறை. தவறினால் வேறொருவர் காய் அடுப்பேறிவிடும்; அடுத்த முறை நாளை மறுநாள்.

"பச்ச நின்னுச்சுன்னா நாளைக்கே கங்காணிட்டச் சொல்லிருவேன், இனிமே வரலன்னு. நிக்கலன்னா திங்கக்கெழம அதே கூடைதான், அதே வசவுதான்" என்றார்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. என்ன என்று கேட்டேன். தோட்டத்தில் முதன்முதலாகப் பறித்த பிடிக் காய். கீழே ஆத்தா கோயிலில் வைத்த பிறகுதான் மற்ற காய் விற்பனைக்குப் போக வேண்டுமாம். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் முடிச்சு அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

வளைவுக்கு வந்தோம். மணி மூன்றேகால். கதவுகளை மாட்டியாகிவிட்டது. பூட்டியுமிருந்தது. கொட்டுக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். முருகேசன் கையில் மைக்கோடு ஓடி வந்தார்.

"எக்கா, நிறுத்துங்க. தலைவரு தொறந்த பெறகுதான் யாரும் போகணும்."

"அவரு எங்கப்பா வர்றாரு இப்ப?"

"தேனியில சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"அவரு சாப்பிட்டு, செத்த கண்ணசந்து, எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஏங் காயி புளிச்சு ரசமாப் போகும். தொற."

"எக்கா, எழுதியிருக்கத பாத்தீகளா? இந்த மலையவே சொர்க்கமாக்கப் போறாரு."

"ஆக்கட்டும். நல்லா ஆக்கட்டும். மொதல்ல எனக்கு ரோட்ட விடச் சொல்லு."

எங்களுக்குப் பின்னால் வேலை முடிந்து நடந்து வந்த எஸ்டேட் பெண்கள் கூடிவிட்டார்கள். "இங்கயும் வரிசையா? ரேசன் கடையிலதான் நிக்கிறோம்னா சொர்க்கத்துக்குமா?" என்றது ஒரு குரல். முருகேசன் கெஞ்சினார். அவரையும் குறை சொல்ல முடியாது. நாலு நாள் தூக்கமில்லாமல் கட்டிய வாசல். அதில் முதலில் ஒரு லோடு ஜீப்பு போனால் அவர் கதி என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பேச்சியம்மாள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜீப்பை விட்டு இறங்கி, அந்த வாசலை நிதானமாக அண்ணாந்து பார்த்தார். யானையைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார்.

"இது என்ன வாசல்னு சொன்ன?"

"சொர்க்கவாசல்க்கா."

"ஏகாதசிக்குத் தொறக்குறதா?"

"அச்சு அசல் அதே மாதிரி."

"நீ கோயிலுக்குப் போயிருக்கியா?"

"என்னக்கா இப்டிக் கேட்டுட்டீக? வருசா வருசம் நான்தான் வாசல்ல கூட்டத்தயே ஒதுக்குறது."

"அப்பச் சொல்லு. கதவு தொறந்ததும் மொத ஆளா வர்றது யாரு? தர்மகர்த்தாவா?"

"அதெப்படி? சாமிதான்."

"தர்மகர்த்தா?"

"பின்னால வருவாரு."

பேச்சியம்மாள் ஜீப்புக்குள் கைவிட்டு மஞ்சள் முடிச்சை எடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இது ஏந் தோட்டத்து மொதக் காயி. ஆத்தாளுக்கு முடிஞ்சது. சாமி முன்னால போகட்டும், ஒங்க தலைவரு பின்னால வரட்டும்."

முருகேசன் கடைசி முயற்சியாக, "எக்கா, நீங்க உள்ள இருந்துல்ல வெளிய போறீக!" என்றார்.

"பெருமாளு மட்டும் வெளிய இருந்தா உள்ள போறாரு? உள்ள இருந்துதான வெளிய வர்றாரு?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. பேச்சியம்மாள் விடவில்லை. "இல்லப்பா, ஒங்க தலைவருதான் சாமிக்கும் முன்னாலன்னா, அத அந்த மைக்கில சொல்லு. ஊரு கேக்கட்டும்."

பயணம் முழுக்க அதிகம் பேசாமல் வந்த நான், அப்போதுதான் ஒரு தகவலைச் சொன்னேன்.

"மைக் ஆன்லதாங்க இருக்கு."

மேலே குரங்கணி வரைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மொத்தப் பேச்சும் ஊருக்குப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் ஏற்கெனவே சாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முருகேசன் மைக்கைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். பிறகு மெதுவாக மைக்கில், "சாமிக்கு வழி விடுங்க" என்றார்.

பட்டனை அவரே அமுக்கினார். கதவுகள் திறந்தன. கொட்டுக்காரர்கள் பீடியை எறிந்துவிட்டு அடித்தார்கள் பாருங்கள், தலைவருக்கு அப்படி அடித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஜீப்பு இரண்டடி நகர்ந்து நின்றது. உச்சி மூட்டை மேகத்தில் முட்டியது. வாசலைத் தலைவரின் கார் உயரத்துக்கு அளந்து கட்டியிருக்கிறார்கள். இந்தச் சாலையில் ஜீப்பு மேலே போகும்போது ஓர் உயரம், காயோடு கீழே வரும்போது இன்னோர் உயரம் என்பது யாருக்கும் நினைவில்லை. மூட்டைகளை அவிழ்த்து இறக்கி ஏற்ற நேரமில்லை. தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது.

"தூக்குங்கடா!" என்று முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? முருகேசன்தான். கட்சித் தொண்டர்கள் ஒரு பக்கம், எஸ்டேட் பெண்கள் ஒரு பக்கம் கம்புகளைப் பிடுங்கித் தோள் கொடுத்தார்கள். நானும் ஒரு கம்பைப் பிடித்தேன். கையில் நீலச் சாயம் ஒட்டியது. சொர்க்கம் தரையை விட்டு இரண்டடி எழும்பியது. ஒரு யானையின் தும்பிக்கை ஒடிந்து விழுந்தது. கருப்பசாமி ஹாரனைக் கையெடுக்காமல் அடித்துக்கொண்டே அடியில் ஊர்ந்து போனார். முன்னிருக்கையில் மடியில் முடிச்சோடு பேச்சியம்மாள், தேரில் வருகிற தோரணையில். பஞ்சு மேகம் மூட்டைகள் மேல் உதிர்ந்தது. நான் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன். என் வயதில் இதைச் செய்ய வேண்டாம்.

ஆத்தா கோயிலில் ஒரு நிமிடம். ஸ்டோரில் ஐந்துக்குச் சற்று முன். அடுப்பு தயாராக இருந்தது.

அன்றிரவு போடியில் தங்கினேன். சாதாரண அறை, எண்ணூறு ரூபாய், வெந்நீர் உண்டு. காலையில் டீக்கடையில் எல்லார் போனிலும் ஒரே வீடியோ. தலைவர் இருட்டிய பிறகு வந்து, தும்பிக்கையில்லாத யானைக்குப் பக்கத்தில் நின்று, 'உழைக்கும் தாயின் ஏலக்காய்தான் முதலில் நுழைய வேண்டும் என்பது என் விருப்பம்' என்று பேசியிருந்தார். இதுதான் சொர்க்கத்தோடு அரசியலுக்குள்ள வசதி. யார் கட்டினாலும், யார் தூக்கினாலும், அது எப்போதும் மேடையில் இருப்பவருடையது. முருகேசன் தலைவருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆபத்தில்லை. நிம்மதியாக இருந்தது.

மாலை ரயிலுக்கு முன் ஸ்டோருக்குப் போனேன். தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் நீட்டினார். கிளிப்பச்சை. நான் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார்:

"நேத்து ராத்திரியே கங்காணிக்கு போன் போட்டுட்டேன்க்கா."

"காயைப் பார்க்காமலேயா?"

"சொர்க்கத்தையே தூக்கிட்டு வந்தாச்சு. இதுக்குமேல என்ன பாக்க?"

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காய் எடுப்பைப் பார்க்க ஆவணியிலிருந்து மார்கழிக்குள் போங்கள். கடைசி ஜீப்பு எப்போது என்று மேலே ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். ஐப்பசியில் குடையைவிட மழைக்கோட்டு உதவும். அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். யாருடைய தோட்டத்துக்குள்ளும் படம் எடுக்க நுழையாதீர்கள்; அது உங்களுக்குத்தான் சொர்க்கம், அவர்களுக்குச் சோலி நடக்கும் இடம்.

முக்கியமான ஒன்று. அந்தச் சாலையில் நீங்கள் காரில் ஏறும்போது எதிரே லோடு ஜீப்பு இறங்கி வந்தால், ஓரம் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். முன்கண்ணாடியில் மஞ்சள் முடிச்சு இருக்கிறதா என்றெல்லாம் தேட வேண்டாம். மேலே மூட்டை இருந்தாலே போதும். அது முன்னால் போகட்டும், நாம் பின்னால் போகலாம்.