அடிபட்டவள் அசையக் கூடாது

மூன்று நாள் காட்டு விளையாட்டுக்காக நான் கட்டிய பையை என் மகள் ஒரு கையால் தூக்க முயன்றாள், பிறகு இரண்டு கையால் முயன்றாள், கடைசியில் அப்படியே கீழே விட்டுவிட்டாள். இந்தியாவுக்கா போகிறாய் என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத்தராசில் மாட்டி, இருபத்து மூன்று கிலோவைத் தொட்டதும் திருப்தியாக ஜிப்பை மூடியிருந்தேன். இருபது வருடமாக விமானத்துக்கு மட்டுமே பை கட்டிப் பழகியவளுக்கு அந்த எடை வரைக்கும் நிரப்பாமல் விட்டால் எதையோ கோட்டை விட்டது போலிருக்கும். அதை முதுகில் சுமக்கப் போவது நான்தான் என்பது மட்டும் தோன்றவேயில்லை.

விளையாட்டின் பெயர் ஏர்சாஃப்ட். பொம்மைத் துப்பாக்கி, பட்டாணி அளவில் மண்ணோடு மக்கிப் போகும் வெள்ளைக் குண்டு, இரண்டு அணி, அணிக்கொரு கொடி, ஒரு பைன் காடு. பட்டால் சுள்ளென்று வலிக்கும், அவ்வளவுதான். ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு பண்ணையை ஒட்டிய காட்டில், மகளின் பள்ளிப் பரீட்சைகள் முடிந்த டிசம்பர் வாரக் கடைசியில் அது நடந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்களோடு வீட்டுப் பெரியவர் ஒருவரும் களத்தில் இறங்க வேண்டும் என்பது நடத்துகிறவர்களின் விதி. மகளுக்குப் பதினேழு. வீட்டில் பெரியவள் நான் ஒருத்திதான். அவள் அப்பாவும் நானும் பிரிந்து, அவர் சிட்னிக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

போனதில் எனக்கும் ஒரு உள்நோக்கம் இருந்தது. பிப்ரவரியில் அவள் படிப்பதற்காக டுனீடின் போகிறாள், தெற்குத் தீவின் அடிக்கோடிக்கு. அவளுக்குத் தெரியாமல் எல்லர்ஸ்லியில் என் அலுவலக மேலாளரிடம், டுனீடினிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். அனுமதியும் கிடைத்துவிட்டது. போகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றை இணையத்தில் பார்த்தும் வைத்துவிட்டேன். காட்டில் ஏதாவது ஒரு நல்ல நேரம் பார்த்து அவளிடம் சொல்லிவிடுவது என்று திட்டம். சந்தோஷப்படுவாள் என்று நம்பினேன். நம்பினேன் என்றால், அப்படி நம்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் அணித் தலைவி பாபடோயிட்டோயில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். விமான நிலையத்தில் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். பையின் எடை மகள் மூலமாக அவள் காதுக்குப் போய், போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாத்தையும் வெளியில எடுத்து நிலத்தில பரப்புங்கோ. ஒண்டொண்டாக் கையில எடுத்து, இது நனைஞ்சா என்ன செய்வன் எண்டு யோசியுங்கோ."

"குக்கர் நனைஞ்சா ஒண்ணும் ஆகாதே."

"குக்கரும் வச்சிருக்கிறியளோ?" என்று சிரித்துவிட்டாள். "சரி, அது காரிலயே இருக்கட்டும்."

அவள் சொன்னதையெல்லாம் ஒரு உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மூன்று நாளும் காயாது. பூட்ஸ் புதிதென்றால் இரண்டு வாரம் கடைக்குப் போகும்போதும் அதையே போட்டு நடக்க வேண்டும். காலுறைகளை ஜோடி ஜோடியாகத் தனித்தனி ஜிப் பையில் போட வேண்டும். அதில் ஒரு ஜோடி தூங்குவதற்கு மட்டும். வானமே இடிந்து விழுந்தாலும் அதோடு கூடாரத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. பல்லைக் காக்க வலை முகமூடி. நான் கண்ணாடி போடுகிறவள் என்பதால் அதற்கு மேலே பொருந்துகிற பெரிய காகிள்ஸ்.

"காகிள்ஸை மட்டும் காட்டுக்குள்ள கழட்டப்படாது அக்கா. மூச்சு படிஞ்சு ஒண்டும் தெரியாட்டி அப்பிடியே நில்லுங்கோ, இல்லாட்டி தடவித் தடவி நடவுங்கோ. கழட்ட மட்டும் வேண்டாம்."

"ஆமா, சரி."

"ஓம், பிறகு ஒரு சிவப்புத் துணி. குண்டு பட்டா தலையில போடுறதுக்கு. அதைக் கண்டா ஆரும் திருப்பிச் சுடமாட்டினம்."

சிவப்புத் துணி என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த ஊரில் நவராத்திரிக்கு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போனால் வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி கிடைக்கும். அதை இங்கே யார் தைத்துப் போடுகிறார்கள்? ஒரு வீட்டில் வாங்கியதை அடுத்த வருடம் இன்னொரு வீட்டில் கொடுப்போம். ஆக்லாந்தை இரண்டு சுற்றுச் சுற்றி என்னிடமே திரும்பி வந்த துணிகள் உண்டு. என் இழுப்பறையில் சிவப்பு மட்டும் ஏழெட்டு இருந்தது. அத்தனையையும் அணிக்கு எடுத்துப் போனேன். முதல் நாள் காலை எங்கள் அணியின் தாடிக்கார உள்ளூர்க் கிவிகள் பச்சைக் காட்டு உடுப்பில், ஜரிகைக் கரை போட்ட ரவிக்கைத் துணியைத் தோளில் செருகிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நல்ல சிவப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய அரக்குத் துணியை நான் வைத்துக்கொண்டேன். கருகின தோசையைத் தனக்கு எடுத்துக்கொள்கிற பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. அணித் தலைவி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கறுப்பு மாதிரியெல்லே கிடக்கு" என்றாள். "வெயில்ல பாரு, சிவப்புதான்" என்று வாயை அடைத்தேன். காட்டுக்குள் வெயில் இல்லை.

உள்ளே வேறொரு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக நட்ட மரங்கள். நடந்துகொண்டே பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வரிசை திறந்து, மூடி, அடுத்தது திறந்தது. தரை முழுக்க ஊசியிலை. என் காலடி எனக்கே கேட்கவில்லை. கண்ணாடியில் மூச்சு படியும்போது காடு வெளுத்துக் கரைந்துபோகும், நின்றால் மரம் மரமாகத் திரும்பி வரும். எங்கோ துப்பாக்கிகள் தையல் மிஷின் ஓடுவதுபோல் கடகடத்தன. டூயி பறவை ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் பாடிக்கொண்டிருந்தது. எந்தக் கொடியைப் பிடிக்கப் போகிறோம், யார் எங்கள் ஆள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அன்று மூன்று பேரைச் சுட்டேன். அதில் இரண்டு பேர் எங்கள் அணி.

மகள்தான் அணியின் மெடிக். குண்டு பட்டால் பட்டது என்று நாமேதான் ஒப்புக்கொள்ள வேண்டும். பார்த்துச் சொல்ல நடுவர் கிடையாது. தலையில் துணியைப் போட்டு அதே இடத்தில் கிடந்து, மெடிக்கைக் குரல் கொடுத்துக் கூப்பிடலாம். மெடிக் வந்து தோளில் கை வைத்து முப்பது எண்ணினால் மறுபடியும் ஆட்டத்தில் சேரலாம். ஐந்து நிமிடத்துக்குள் யாரும் வராவிட்டால் எழுந்து, புறப்பட்ட இடத்துக்கே நடந்துபோய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் எனக்கு மூன்று முறை பட்டது. மூன்று முறையும் அவள் இருக்கும் பக்கமாக நானே தவழ்ந்து போனேன். மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அடிபட்டவர் அசையக் கூடாது, நான்தான் உன்னிடம் வருவேன், நீ என்னிடம் வரக் கூடாது என்றாள்.

"சும்மா கிடக்க எனக்கு வராதுடி."

"ஐ நோ" என்றாள்.

இரண்டாம் நாள் முழுக்க மழை. மாலையில் கூடார வாசலில் சின்ன அடுப்பை மூட்டி, உலர்ந்த காலுறையோடு இருவரும் உட்கார்ந்தோம். உலகத்தில் அதைவிடச் சுகம் கிடையாது. புளியோதரை டப்பாவைத் திறந்தேன். நல்ல நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, "டுனீடின்ல குளிர் ஜாஸ்தியாமே" என்று ஆரம்பித்தேன். கம்பளி ஜம்பர் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "தனியா சமைச்சுக்கிட்டு" என்றேன். விடுதியில் சாப்பாடு உண்டு என்றாள். "உடம்புக்கு வந்தா?" என்றேன். டாக்டர் இருப்பார் என்றாள். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. எனக்குக் கோபம் வந்து டப்பாவைச் சத்தமாக மூடினேன். அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. திரும்பத் திறந்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டு, தரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கடைசி ஆட்டம். சாய்ந்து கிடந்த மரம் ஒன்றின் பின்னால் ஒதுங்கும்போது முதுகில் சுள்ளென்று பட்டது. ஹிட் என்று சொல்லி, அரக்குத் துணியைத் தலையில் போட்டுப் படுத்தேன். உடனே தொடையில் இன்னொன்று. துணி யார் கண்ணிலும் படவில்லை. கையைத் தூக்கி ஆட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள். சாரி என்று ஒரு குரல் ஆவி மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

மல்லாந்து கிடந்தேன். உயரத்தில் மர உச்சிகள் மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தன. ஒரு வேலையும் செய்யாமல் நான் இப்படிப் படுத்து எத்தனை வருடம் ஆயிற்றோ. ஊசியிலையின் ஈரம் சட்டை வழியாக ஏறியது, அதுகூட நன்றாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு வயதே இல்லாததுபோல் ஆகிவிட்டது.

அப்போது அவளைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது அடி தூரத்தில், குனிந்து ஓடிவந்து, கீழே கிடந்த எங்கள் அணிக்காரர் ஒருவரின் பக்கத்தில் மண்டியிட்டாள். தோளில் கை வைத்து எண்ணத் தொடங்கினாள். குண்டுகள் மரப்பட்டையில் பட்டுத் தெறித்தன, அவள் எண்ணிக்கை தடுமாறவில்லை. அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். முப்பது ஆனதும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். அங்கேயும் அதே நிதானம். வீட்டில் சார்ஜர் எங்கே என்று என்னைக் கேட்கும் பெண்ணா இவள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் இல்லாத இடத்தில் அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும், எல்லா இடத்திலும் நான்தான் இருந்தேனே.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் கூப்பிட்டால் அவள் மறுபடியும் என் மகளாகிவிடுவாள் என்று தோன்றியது, பேசாமல் இருந்துவிட்டேன். அவள் எழுந்து நான்கு பக்கமும் பார்த்தாள். ஊசியிலையின் நிறமும் என் துணியின் நிறமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அவள் பார்வை என் மேலேயே ஊர்ந்து அப்பால் போயிற்று. பிறகு அவளும் மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

ஐந்து நிமிடம் முடிந்ததும் எழுந்து, புறப்பட்ட இடத்துக்கு நடந்தேன். வழியில் அழுகை வந்தது. காகிள்ஸுக்குள் அழுதால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் வெள்ளையாகிவிட்டது, கழற்றவும் கூடாது. ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டு நடந்துபோய்ச் சேர்ந்தேன்.

ஆட்டம் முடிந்து கார்கள் நிற்கும் இடத்துக்கு அவள் வேகமாக வந்தாள். முகம் சிவந்திருந்தது. எங்கே போனாய், எத்தனை தடவை தேடினேன் தெரியுமா, ஏன் கூப்பிடவில்லை என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள்.

"நீ வேலையா இருந்த" என்றேன்.

உன்னைத் தேடுவதும் என் வேலைதான் என்றாள். பைகளைத் தூக்கி டிக்கியில் வைத்தாள். காரில் ஏறி உட்கார்ந்ததும், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அந்த டுனீடின் வீடுதானே என்று கேட்டாள். விளையாட்டுக்கான அனுமதிப் படிவத்தை என் லேப்டாப்பில் பிரிண்ட் எடுத்தபோது திரையில் பார்த்தாளாம். நானாகச் சொல்வேன் என்று அன்றிலிருந்து காத்திருந்தாளாம்.

"நான் வரட்டுமா?" என்றேன். அதைக் கேட்கவே நினைத்திருக்கவில்லை. வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

அவள் மடியில் இருந்த கையுறைகளை ஜோடி சேர்த்து மடித்தாள். பதில் தமிழில் வந்தது.

"வேண்டாம்மா."

குண்டெல்லாம் ஒரு வலியா என்று நினைத்துக்கொண்டேன். காரைக் கிளப்பினேன். பண்ணை வாசல் தாண்டி, கல் ரோடு முடிந்து தார் ரோடு வந்தது.

"நாளைக்கு ஆபீஸ்ல, போகலேன்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"கோவமா?"

"ஆமா."

"எவ்ளோ நாளைக்கு?"

எதிரே ஒரு லாரி வந்தது. அது கடந்து போகட்டும் என்று காத்திருந்தேன்.

"பிப்ரவரி வரைக்கும்" என்றேன்.