ஜன்னல் வழியே ஏறிய பிள்ளைகள்

நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டது. ஜகார்த்தாவின் செனென் நிலையத்தில் எள் போட்டால் எண்ணெயாகிவிடும், அத்தனை கூட்டம். வார்தினி மூன்று பிள்ளைகளோடு நடைமேடையில் நின்றாள். ரத்மோவுக்கு ஏழு வயது, லஸ்மிக்கு நான்கு, தர்யோ கைக்குழந்தை. கணவனுக்கு டயர் பட்டறையில் வேலை; பெருநாளன்றுதான் விடுப்பு. ஆகவே வருடந்தோறும் பிள்ளைகளை ஊருக்கு இழுத்துப்போவது அவள் பாடு. பெருநாள் காலையில் அப்பாவின் முழங்காலில் தலைவைத்து மன்னிப்புக் கேட்காவிட்டால் அவளுக்கு அந்த வருடம் விடியாது.

வண்டி வந்ததும் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். ரத்மோவை ஜன்னல் வழியே உள்ளே தள்ளினாள், பிறகு லஸ்மியை. உள்ளே இருந்த பருத்த பெண் ஒருத்தி வாங்கி உட்காரவைத்தாள். இரண்டு கையும் இருந்தால்தான் வாசல் கூட்டத்தைப் பிளக்க முடியும் என்று தர்யோவையும் கொடுத்தாள். தவறு அதுதான். அவன் புட்டிப்பாலைத் தொடமாட்டான்.

வாசலில் ஏறினாள். அதோடு சரி. பெட்டியின் நடுவில் பிள்ளைகள், கோடியில் அவள். இடையில் தரையெல்லாம் செய்தித்தாள் விரித்துப் படுத்தவர்கள், மூட்டைகள், கோழிக்கூடை. வண்டி நகர்ந்தது.

வயல்வெளி வந்ததும் தர்யோவின் அழுகை கேட்டது. அவள் ரவிக்கை நனைந்தது. ஓர் அடி எடுத்துவைத்தாள். காலுக்குக் கீழே யாரோ திட்டினார்கள். பக்கத்தில் நின்ற கிழவர், பறந்து போகப்போகிறாயா என்று கேட்டார்.

நடுவிலிருந்து அந்தப் பருத்த பெண்ணின் குரல் வந்தது. "பிள்ளையோட அம்மா எங்கே? இருக்கியா, இறங்கிட்டியா?"

"இங்கதான்க்கா இருக்கேன். வர முடியல."

"அப்ப இவன் வருவான். கையை நீட்டு."

தலைகளுக்கு மேலே தர்யோ வந்தான். கை மாறி, கை மாறி. வழியில் ஒருவனுடைய மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு வந்தான். நின்றபடியே முந்தானையைப் போர்த்திப் பால் கொடுத்தாள். சுற்றி நின்ற ஆண்கள் சொல்லாமலே முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் ஒரு சாண் இடம் கிடைத்தது.

குடித்துத் தூங்கிவிட்டான். அவள் பிள்ளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல்நாள் வரை நாலு வீட்டுத் துணி துவைத்த கை. இன்னும் எத்தனையோ மணி நேரம் நிற்க வேண்டும். தூக்கத்தில் கை தளர்ந்து பிள்ளையை நழுவவிட்டால்? அங்கே மடி இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? பெற்றவளே பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கிழவரிடம் கொடுத்தாள்.

தர்யோ வந்த வழியே போனான்.

"வந்து சேர்ந்துட்டான்," என்றது அந்தக் குரல். "பசியாறிட்டானா?"

"ஆறிட்டான்க்கா."

"பெரியவங்க ரெண்டு பேரும் என் சோத்தைத் தின்னுட்டு உறங்குதுங்க. நீயும் கண்ணை மூடு."

உயிரோடு இருந்தவரை வார்தினி ரயிலில் உட்கார்ந்து போனதை அவள் பிள்ளைகள் பார்த்ததில்லை. அன்றும் அவள் உட்காரவில்லை. இரண்டு முதுகுகளுக்கு நடுவே, விழ இடமில்லாததால் விழாமல், நின்றபடியே தூங்கினாள்.