பொங்கவிடாத இத்தாலிக்காரர்

ஆடி மாதத்தில் குடிபோகக் கூடாது என்ற நம்பிக்கையைக் கிண்டல் செய்து நான் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மூன்றையும் முழுதாகப் படித்தவர்கள் நானும் பிழை திருத்தியவரும்தான் என்பதால், அதற்குப் பிறகும் திண்டுக்கல்லில் யாரும் ஆடியில் குடிபோகவில்லை.

வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் புது இயந்திரங்களை மாட்டி, இரண்டு வருடம் கூட இருந்து பார்த்துக்கொள்ள இத்தாலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். மில் மேலாளர் என் பள்ளித் தோழன். "நீதான் இங்கிலீஷ் புக்கெல்லாம் படிக்கிறவனாச்சே, அவருக்கு ஒரு வீடு பாத்துக் குடுடா" என்றான். நான் படித்த ஆங்கில நாவல்களில் எல்லாருக்கும் பரம்பரை மாளிகை இருந்தது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

இத்தாலிக்காரர் பஸ் ஸ்டாண்டு அருகே லாட்ஜில் இருந்தார். மனைவியும் ஆறு வயது மகளும் வரவேண்டும். வீட்டுச் சாவியின் படம் போனுக்கு வந்தால்தான் விமானம் ஏறுவேன், லாட்ஜுக்கு வரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாராம். மகளைப் போனிலேயே வளர்க்க வேண்டியதுதானா என்று என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதல் வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராத்திரி பகலா ஏசி போடுவாரு, நம்ம வயரு தாங்காதுங்க" என்று கதவைச் சாத்தினார். இரண்டாம் வீட்டில், "கறி மீனெல்லாம் உண்டா?" என்று கேள்வி வந்தது. நான் பெருமையாக, "சுத்த சைவம்" என்றேன். வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது.

"திண்டுக்கல்லுக்கு வந்துமா? ஏன் சார், ஒடம்புக்கு எதுவும் சீக்கா?"

மூன்றாவது வீடு ஓய்வு பெற்ற ஒரு டீச்சருடையது. கத்தோலிக்கர். மாடி காலியாக இருந்தது; மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரிந்தது. இத்தாலி என்றதும் டீச்சர், "போப்பாண்டவர் ஊரு பக்கமா! கோயிலுக்குத் தவறாமப் போவாரா?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு போனதே இல்லை என்று இத்தாலிக்காரர் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார். "கல்யாணமே கோயில்லதான் நடந்துச்சாம் டீச்சர்" என்று மொழிபெயர்த்தேன்.

டீச்சருக்குத் திருப்தி. "குடும்பம் வந்துசேர ஆடி ஆயிரும், ஆவணி பொறந்ததும் வரட்டும்."

"டீச்சர், நீங்க போய் ஆடி பாக்குறீங்களா?"

"நாங்க எங்க தம்பி பாக்குறோம்? எதுத்த வீட்ல பாக்குறாங்க, பக்கத்து வீட்ல பாக்குறாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு காச்சல்னா என்னையத்தான சொல்லுவாங்க?" பிறகு மனமிரங்கி ஒரு வழி சொன்னார். "ஆனி முடியிறதுக்குள்ள பாலக் காச்சிருங்க. குடிவந்த கணக்குத்தான். சாவியக் குடுத்துர்றேன், சாமான் எப்ப வந்தா என்ன?"

அதற்கு நிறைய நாள் இருந்தது. எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது மட்டும்தான் என் பொறுப்பு. அதன்படி இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தபோது, மாலை நான்கு மணிக்கு டீச்சர் போன் செய்தார்.

"பாலு வாங்கியாச்சா தம்பி? இன்னைக்குத்தான ஆனி கடைசி?"

காலண்டரைப் பார்த்தேன். இரண்டு நாளாகக் கிழிக்கவில்லை.

மேலாளருக்கு அலறியடித்துப் போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றி வரும் மில் பஸ்ஸில் இத்தாலிக்காரரையும் ஏற்றிவிட்டான். தலையெல்லாம் பஞ்சோடு அவர் வந்து இறங்கியபோது மணி ஆறு. "வெளக்கு வைக்கிறதுக்குள்ள, வெளக்கு வைக்கிறதுக்குள்ள" என்று டீச்சர் தன் அடுப்பையே மாடிக்கு ஏற்றியிருந்தார். மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி எரிந்தது. இத்தாலிக்காரர் பாலை வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். பால் நுரைத்து, ஏறி, விளிம்பைத் தொட்டது.

சட்டென்று தணலைக் குறைத்துவிட்டார்.

"ஐயையோ!" என்றார் டீச்சர். பால் மறுபடி ஏறியது. மறுபடி குறைத்தார். பத்திரமாகப் பிடித்துவிட்டேன் பார்த்தீர்களா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் விளக்கியிருந்தேன், பால் பொங்கி வழியத்தான் வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது சொல்லித் தெரியவேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னேன். பளிச்சென்றிருந்த அடுப்பைப் பார்த்தவர், "வேண்டுமென்றேவா?" என்று கேட்டார்.

ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்றாம் முறையும் கை தானாகத் திருகுக்குப் போனது. ஆயுள் முழுக்க இயந்திரம் பார்த்த கை.

"தம்பி, அவரு கையப் புடிங்க! பொழுது போகுது!"

பிடித்தேன், இரண்டு கைகளையும். ஆடிக்கு எதிராக மூன்று கட்டுரை எழுதியவன் ஒரு இத்தாலிக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பால் எந்தத் திசையில் வழிகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெழக்கயா டீச்சர்?"

"கெழக்கதான்."

சாவியின் படம் அன்றே போனது. ஆடி பாதியில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். புள்ளைக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். "செத்த நேரம் வந்துட்டுப் போங்க தம்பி. அப்பாவும் மகளும் தெனமும் கைதட்டிக்கிட்டு பாலப் பொங்கவிடுறாங்க. ஒரு நா போதும்னு நீங்களே சொல்லுங்க."