மதலைமுத்துவின் இடது கால்

பொம்மிடிக்குப் பக்கத்தில், ரயில் சத்தம் கேட்கும் தொலைவில் உள்ள ஊரில், ராஜமேரி தன் கணவரின் பாதங்களோடு முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள். மதலைமுத்துவோடு நடத்துவது வேறு விஷயம். அது பரவாயில்லாமல் போகிறது. பாதங்கள்தாம் ஒத்து வரவில்லை. அவர் தூக்கத்தில் புரண்டு படுத்தால் குதிகால் வெடிப்பில் மாட்டிப் போர்வை கிழியும். சாலையோரப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, மரத்துக்கு மரம் வெறுங்காலில் நடக்கிறவர். செருப்பு என்பது அவரைப் பொறுத்தவரை கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய் மண்டபத்தில் தொலைத்துவிட்டு வருகிற பொருள்.

“எங்கால்ல முள்ளு குத்துனா சேதம் முள்ளுக்குத்தான்” என்பார்.

அவருக்குச் சர்க்கரை வந்த பிறகு ராஜமேரிக்கு இந்தப் பெருமை சிரிப்பாக இல்லை. அவளுடைய அண்ணன் சவுரியப்பனுக்கும் சர்க்கரைதான். கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை என்று அவர் அதை மதிக்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்த மனிதர், இப்போது கழிவறைக்குப் போக ஆள் கூப்பிடுகிறார். அதனால் காலைக் கவனிக்கும்படி ராஜமேரி புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். அந்த இரண்டு நாளையும் அவர் நிம்மதியாகக் கழித்தார்.

இந்த வருடம் தவக்காலத்தில் அவளுக்கு ஒரு வழி திறந்தது. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று பங்குச்சாமியார் ஊரில் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் இடம் கிடைப்பது சின்ன மரியாதை இல்லை. மதலைமுத்துவுக்குக் கிடைத்தது.

“இந்தக் காலயா சாமி கையில குடுப்பீங்க?” என்று ராஜமேரி கேட்டாள். “அவரு கை கிழிஞ்சுட்டா ஈஸ்டர் பூசைய யாருங்க வெப்பாங்க?”

முப்பது வருடத்தில் சாதிக்காததை அந்த ஒரு கேள்வி சாதித்தது. அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்தார். ராஜமேரி கல்லால் தேய்த்தாள், எண்ணெய் தடவினாள், நகம் வெட்டினாள். எல்லாம் வலது காலுக்கு மட்டும். பழைய சாமியார் எப்போதும் வலது காலை மட்டுமே கழுவுவார் என்பது ஊருக்கே தெரியும். இடது காலை யார் பார்க்கப் போகிறார்கள், எண்ணெய்க்குக் கேடு என்று சொல்லி மதலைமுத்து அதைத் தொடவே விடவில்லை. ஒரு வாரத்தில் ஒரு கால் மாப்பிள்ளை ஆகிவிட்டது. இன்னொன்று புளியமரத்தடியிலேயே நின்றது.

வியாழக்கிழமை மாலை, வெள்ளை வேட்டியோடு அவர் பீடத்துக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் முதல் ஆளின் வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டுவிட்டு, அவருடைய இடது காலையும் கேட்டார். வரிசையின் நடுவில் இருந்த மதலைமுத்துவுக்கு வரப்போவதைப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ராஜமேரியும் பார்த்தாள். அவருடைய இடது கால் ஆமைத்தலை போல மெதுவாக வேட்டிக்குள் போனது. கோயிலில் சிரிக்கக் கூடாது என்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமியார் அதை வேட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். வெடிப்பில் இருந்த மண் கரைந்தது. பிறகு பேசினில் தண்ணீர் சிவந்தது. சாமியார் நிமிர்ந்து, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லைங்க சாமி, நல்லா குளுகுளுன்னு இருக்குதுங்க என்றார் மதலைமுத்து, முகமெல்லாம் சிரிப்பாக.

ராஜமேரியின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஞானசௌந்தரி, மரியாயின் சேனை என்ற ஜெபக்குழுவின் தலைவி, அதை வேறு மாதிரி பார்த்தாள். சிலுவையில் இயேசு பட்ட ஐந்து காயங்களும் சில புனிதர்களுடைய உடம்பில் தானாகத் தோன்றியதாக அவள் படித்திருக்கிறாள். பெரிய வியாழன், பீடத்தின் முன்னால், வலியே இல்லாமல் பாதத்தில் ரத்தம். பூசை முடிவதற்குள் செய்தி பாடகர் குழுவைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது.

காலையில் எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் விடிந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். ராஜமேரி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால், மதலைமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை முக்காலியில் தலையணை போட்டு வைத்திருந்தார். முதலில் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் மறுத்தார். பிறகு மறுப்பதை நிறுத்தினார். அந்த மௌனத்தைத் தாழ்ச்சி என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளவே, அவருக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. ஒருத்தி கைக்குழந்தையின் தலையை அந்தப் பாதத்தருகே கொண்டுபோனாள். குழந்தைக்கு நல்ல புத்தி, வீறிட்டது.

“கெளம்புங்க” என்றாள் ராஜமேரி.

“ஆண்டவரு குடுத்தத ஆஸ்பத்திரியில போயி காட்டலாமா மேரி?” என்றார் அவர், இதுவரை அவள் கேட்டிராத சன்னக் குரலில்.

அண்ணன் வீட்டிலும் இப்படித்தான் நாட்கள் போயின, வேறு வேறு காரணத்தோடு. ராஜமேரி ஞானசௌந்தரியிடம் திரும்பினாள்.

“ஏங்க்கா, இது அஞ்சு காயம்தானே? ஒண்ணுதான் இருக்குது. மிச்சம் நாலு எங்க?”

ஞானசௌந்தரி கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணொண்ணா வரும்.”

“வரட்டும். வந்ததும் சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் இத காட்டிட்டு வந்துடறோம், வழி விடுங்க.”

யாரோ சிரித்தார்கள். மதலைமுத்து மட்டும் அசையவில்லை. ராஜமேரி அவர் பக்கத்தில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “எங்கண்ணனுக்கும் வலிக்கலீங்க.”

அவர் காலை முக்காலியிலிருந்து இறக்கித் தரையில் நன்றாக அழுத்தி ஊன்றிப் பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்காதது முதல் தடவையாக அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகம் சொன்னது. ஆட்டோவில் தானே ஏறி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே எடுத்தது ஒரு வேலிக்காத்தான் முள். எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, உணர்ந்தால் சொல்லுங்கள் என்றார். வலது காலில் அங்கங்கே சொன்னார். இடது காலுக்கு வந்ததும் பொறுமையாகக் காத்திருந்தார்.

“எப்பங்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார்.

டாக்டர் அப்போதே முடித்திருந்தார்.

புண் ஆறிவிடும், நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஆனால் போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் வெறுங்கால் கூடாது. கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். தினமும் இரண்டு அடிப்பாதத்தையும் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க மதலைமுத்துவின் தொப்பை விடாததால், அந்த வேலை ராஜமேரிக்கு வந்தது.

புண் ஆறியது. அவர் அகலச் செருப்பு மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே, மரத்துக்கு மரம் நடக்கிறார். ராஜமேரி போன மாதம் மகள் மோனிஷாவைப் பார்க்க ஓசூர் போயிருந்தாள். சாயங்காலம் வீடியோ கால் வந்தது. திரை முழுக்கக் குதிகால்.

“கொஞ்சம் தள்ளிப் புடிங்க. வெளிச்சம் விழல. ம், நல்லா இருக்குது. இப்ப அடுத்த காலு.”

அடுத்த கால் வந்தது. ராஜமேரி விரலிடுக்கு வரை பார்த்துவிட்டு, சரி வெச்சிடுங்க என்று அணைத்தாள். அப்பா முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே அம்மா என்று மோனிஷா குறைப்பட்டாள்.

“மொகத்துக்கு ஒண்ணும் ஆவல” என்றாள் ராஜமேரி.