உப்பு கசிந்த படம்

துர்கா திண்டிவனத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெட்டி ஒட்டுவதிலேயே ஆறு நாளும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பையை மாட்டிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். கெடார் பக்கம் சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டியபோது பட்டைகளைப் பொறுக்கி வந்தாள். அனந்தபுரம் போகும் வழியில் மனை பிரித்திருந்த இடத்தில், வெயிலில் நைந்து தொங்கிய கலர்க் கொடிகளை அவிழ்த்து வந்தாள். இதெல்லாம் கடையில் வீணாகும் பிளெக்ஸின் வெள்ளை முதுகில் ஏறும். தார், செம்மண், பட்டை, கொடி, மேலே கொஞ்சம் பெயிண்ட். எட்ட நின்று பார்த்தால் பஸ் ஜன்னலில் ஓடுகிற நிலம் மாதிரி இருக்கும்.

ஆனால் எட்ட நின்று பார்க்கத்தான் யாருமில்லை. மாடியில் ஒற்றை அறை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் சாய்ந்து கிடந்தன.

மரக்காணத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் பிறந்தவள் அவள். படகு வைத்திருந்த அரிபிரசாத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடி பொறுக்க முடியாமல் சில வருஷத்தில் புறப்பட்டு வந்தபோது, அப்பா பச்சமுத்து அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார். அம்மா செத்தபோது போனாள், உடலை எடுத்ததும் திரும்பிவிட்டாள். அதன் பிறகு அப்பாவோடு பேச்சு இல்லை.

இருந்தும் அந்தக் கரைக்குப் போவதை அவள் விடவில்லை. கடல் வருஷா வருஷம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் பிறந்த வீடு, அது இருந்த தெரு, எல்லாம் அலைக்குள் போயிருந்தது. அப்பாவுக்கு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு காங்கிரீட் வீடு கிடைத்திருந்தது. துர்கா தோப்பைச் சுற்றிக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் கரைக்குப் போவாள். அன்றைக்குத் தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு பிடி மணல் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுவாள்.

அந்த மணலை வைத்துத்தான் குப்பத்தை ஒரு பெரிய படமாகச் செய்தாள். கரை நகர்ந்து வந்த இடமெல்லாம் கோடு கோடாக மணல். வீடுகளுக்கு உடைந்த ஓட்டுத் துண்டு. கடலுக்கு மரக்காணத்து உப்பையே நீலத்தில் குழைத்து அப்பியிருந்தாள்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. அதற்குப் பேனர் அடித்துக் கொடுத்த கடை முதலாளி துரைக்கண்ணு, அவள் பெயரையும் சேர்த்துவிட்டார். அந்தப் பெரிய படத்தைக் கொண்டுபோய் மாட்டிய அன்றைக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் உப்பு கசிய ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் நீலம் வழிந்து வீடுகள் மேல் இறங்கியது. ஓட்டுத் துண்டு ஒன்று பெயர்ந்து தரையில் விழுந்தது.

பொறுப்பாளர் கோகுலகிருஷ்ணன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். யார்னா வழுக்கி வுழுந்துட்டா பேஜாரு. இத எடுத்துக்கினு போயிடுங்களேன்."

அவள் துப்பட்டாவால் தரையைத் துடைத்தாள். அவர் சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை. இப்படி ஆகிவிட்டது என்று போன் போட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்பதுதான் வருத்தம்.

படத்தைச் சுருட்டவும் முடியாது. அதை அடித்திருந்த பலகையோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்படிக்கட்டருகே நின்றே வந்தாள். திண்டிவனத்தில் இறங்கியபோது மரக்காணம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அறைக்குப் போய் இதோடு தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாள், ஏறிவிட்டாள். பிரம்மதேசம் தாண்டும்போது ஏன் ஏறினோம் என்றிருந்தது. கொட்டுகிற மழையில் இறங்கவும் வழியில்லை.

பச்சமுத்து வலை பின்னிக்கொண்டிருந்தார். வாசலில் நனைந்து நின்றவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். வலையை ஒரு பக்கம் இழுத்து இடம் விட்டார். அவள் படத்தைச் சுவரோரம் வைத்தாள்.

"இன்னா இது?"

"நம்ம குப்பம்."

அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். மணல் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், காலியாக இருந்த இடத்தில் நின்றார்.

"இங்க இருந்த அம்சவள்ளி வூடு எங்க?"

"வுழுந்துடிச்சிப்பா, மத்தியானம்."

"நெசத்துலயும் அதான் மொதல்ல வுழுந்திச்சி." படத்திலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "நீ தோப்பச் சுத்திக்கினு கரைக்குப் போறத நான் பாத்துக்கினுதாம்மா இருந்தேன்."

"ஒரு தபா கூப்ட்டிருக்கலாமே."

 அவர் எழுந்து போய்ச் சோறும் காலையில் வைத்த மீன் குழம்பும் எடுத்து வந்து வைத்தார்.

காலையில் அவள் கண் விழித்தபோது அவர் கடலுக்குப் போயிருந்தார். உப்பு இன்னும் வழிந்து, படத்தில் கடல் பாதி கரைந்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அப்பா வீட்டுக்குப் போகிறாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேச்சு பெரிதாக இல்லை; எங்கே தொடங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை. மற்ற ஞாயிறுகளில் பழையபடி தனியாக ஏதோ ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பாள். அவர் அந்தப் படத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் அதன் கீழே ஒரு அலுமினியத் தட்டை வைத்து, நிறைந்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறார்.