மாதுளையடி மண்

ஒன்பது வயதில் நான் கொக்குவிலில் மாமா வீட்டில் நின்று படித்தேன். மாமா ரெயில்வேயில் கிளாக்கர். கடைக்குப் போவதென்றாலும் கடதாசியில் எழுதிக்கொண்டுதான் போவார். அந்த மாரி தொடங்கிய வாரம் அவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து வீட்டு வேலைக்காரிகூடச் சிரித்தாள்: கண்ணாடிப் பெட்டி ஒன்று, குங்கிலியம், சிப்பி கலவாத மணல், எருப் படாத மண், மழைத்தண்ணீர், பாசி, மீன் மூன்று.

மாமிக்குச் சுகமில்லை. வயிற்று வருத்தம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பத்து நாளாகக் கிழக்கு அறையில், கதிரையில் இருந்தபடி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு முன்னால் உயிருள்ள எதையாவது வைத்துப் பாருங்கள் என்று மருந்து கொடுத்த அப்போதிக்கரி சொன்னாராம். மாமா கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் மீன்தொட்டி கண்டவர். அங்கே தண்ணீருக்குள் காற்று ஊத ஒரு யந்திரம் இருந்தது. எங்கள் வீட்டில் மின்சாரமே கிடையாது. பாசி நிறைய நட்டு, யன்னலால் காலை வெயிலும் விழுந்தால் யந்திரம் எதற்கு, பாசியே மீனுக்கு மூச்சுக் கொடுக்கும் என்பது மாமாவின் கட்சி.

தேத்தண்ணிக் கடையொன்றில் கழித்துவிட்ட கண்ணாடி வடைப்பெட்டியை வாங்கி வந்து, தோணிக்காரர் செய்வதுபோலக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மூலைகளை அடைத்தார். மணல் மூன்று இடத்திலிருந்து வந்தது. ஒவ்வொன்றிலும் தேசிக்காய்ப் புளி பிழிந்து பார்த்தார். நுரைத்த மணலில் சிப்பி இருக்கிறதென்று கொட்டிவிட்டார். நுரைக்காததை நான் விரல் சுருங்கும்வரை கழுவினேன். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை பூக்கும் என்று, கூரைப் பீலியால் விழும் மழைத்தண்ணீரைக் கிடாரத்தில் பிடித்தோம்.

கடைசியாக மண். குளக்கரையில் ஒரு கடகம் அள்ளிவரும்படி மாமா என்னை அனுப்பினார். பின்வளவால் இறங்கினேன். குசினி வாசலில் மாமி நின்றார். பத்து நாளில் அன்றுதான் அவர் அறையை விட்டு வெளியே வந்திருந்தார்.

"எங்கை போறாய் பிள்ளை?"

"மண்ணுக்கு, மாமி. மீன்பெட்டிக்குப் போட."

என் கையிலிருந்த கடகத்தைப் பிடித்துக்கொண்டார். "குளத்தடிக்குப் போகாதை. வேலியோரம் மாதுளையடியிலை எடு. ஆழமாக் கொத்தாதை. மேலாலை மட்டும் வழிச்செடு."

எனக்கு நடை மிச்சம். அங்கே மண் அண்மையில் யாரோ கிளறிவிட்டது போல மெத்தென்றிருந்தது; கையாலேயே அள்ளினேன். முடியும்வரை மாமி பக்கத்தில் நின்றார். மாமாவிடம் குளத்து மண் என்று சொன்னேன்.

இரண்டு விரற்கடை மண், அதன்மேல் மணல். கொட்டிக் கிழங்கும் நாடா போல் நீண்ட பாசியும் நட்டோம். மண் கலங்காமலிருக்க ஒரு சிரட்டையை வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினோம். நாலு நாள் கழித்து, நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த மூன்று சின்ன மீன்களை மாமா விட்டார். மாமி கதிரையைச் சுவரிலிருந்து தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சோறும் தின்றார். மாமா வீடு முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு மணலுக்குள்ளிருந்து குமிழிகள் வரத் தொடங்கின. ஒன்று வரும், அடுத்ததற்கு வெகுநேரம் செல்லும். மண்ணுக்குள் அடைபட்ட காற்று என்றார் மாமா. ஒருநாள் மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியில் காதை வைக்கச் சொன்னார். கண்ணாடி குளிர்ந்தது.

"மூச்சு விடுறான்," என்றார்.

"ஆர் மாமி?"

"மாதுளையடியிலை தனியக் கிடந்தவன். இப்ப என்ரை அறைக்கை வந்திட்டான்."

விருந்தாளி வந்த செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். அவர் விரல் வைத்த இடத்தில் மூன்று மீன்களும் அசையாமல் நின்றன. நான் விரல் வைத்தேன், ஒன்றும் வரவில்லை.

செத்துப் பிறந்த பிள்ளையை அந்த மாதுளையடியில் புதைத்தார்கள் என்பதைப் பின்னாளில் அம்மா சொல்லி அறிந்தேன். அன்று எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: மண்ணுக்குள் யாரோ இருக்கிறான், அவனை வீட்டுக்குள் தூக்கி வந்தவள் நான். அதன்பின் அந்த அறையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக் கடந்தேன். மாமாவிடம் சொல்லவும் முடியவில்லை, பொய் வெளிப்பட்டுவிடும்.

ஒரு சனிக்கிழமை கதவு சிறிது திறந்திருந்தது. மாமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் பிள்ளைகளுக்குப் பால் பருக்கும் சின்னச் சங்கு. அதைத் தொட்டிக்குள் சரித்தார். வெள்ளை நூல் நூலாக ஏதோ பாசிக்குள் இறங்கியது. "குடி அப்பன், குடி," என்ற மெல்லிய குரல் கேட்டது.

மறுநாள் தண்ணீர் கஞ்சி போலிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பின்னேரம் மூன்றும் மிதந்தன. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உதுக்குள்ளை ஆர் என்ன விட்டது?"

பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: மாதுளை மண், மூச்சு, சங்கு. "மாமிதான் பால் விட்டவ."

"ஏது பால்? எங்கடை மாடு வத்தி மூண்டு மாசமெல்லோ..."

பேச்சை விட்டு, மாமியின் சேலை மார்பில் நனைந்திருந்ததைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

பெட்டியைத் தூக்கி வெளியே ஒழுங்கையில் கவிழ்ப்பார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை. செம்பால் மொண்டு மொண்டு கெட்ட தண்ணீரை இறைத்தார். மண்ணில் செம்பு தட்டாமல் பார்த்துக்கொண்டார். புதுத் தண்ணீர் விட்டார். பிறகு மாமியின் கதிரையடியில் நிலத்தில் இருந்து, அவரும் தொட்டியைப் பார்த்தார்.

"என்னையும் கூப்பிட்டிருக்கலாமே," என்றார்.

மாமி அவர் தலையில் கையை வைத்தார். அதன் பிறகு அந்த அறையில் எழுந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு நான் வளவுக்குள் ஓடிவிட்டேன்.

பொய் சொன்னதற்கு என்னை யாரும் அடிக்கவில்லை. எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சந்தேகம்: அந்தப் பால் யார் வீட்டு மாட்டினுடையது? அடுத்தநாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும், பக்கத்து வளவில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டு ஆச்சியிடம் போனேன்.

"எங்கடை மாமிக்கு நீங்களோ பால் குடுத்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. ஏன்?"

சங்கைப் பற்றிச் சொன்னேன். புல்லைக் கீழே போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் தலைப்பை விலக்கவில்லை. பால் கொடுத்ததை மறைக்கிறார் என்றும் தோன்றவில்லை. அதற்கடுத்த வளவிலும் ஒரு மாடு நின்றது. அங்கேயும் போய்க் கேட்டேன்.