ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்பவர்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் ஒருவர் இருந்தார். நாள் முழுக்க ஒரே கேள்விதான்: "இது தெளிவா, அது தெளிவா?" வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார். ஒரே பழைய படத்தை டேப், டிவிடி, புளூ-ரே என்று எல்லாவற்றிலும் வாங்குவார். இரண்டு டிவியை அக்கம்பக்கத்தில் வைத்து, ஒரே காட்சியில் நிறுத்தி, கதாநாயகியின் முடி இழை இழையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். "அழுக்கைத் துடைக்கிறேன்னு முகத்தையே துடைச்சிட்டானுங்க" என்று டிஸ்க் போடுகிறவர்களைத் திட்டுவார். நீங்கள் ஆசை ஆசையாய் வாங்கிவந்த டிஸ்க்காக இருந்தாலும் மட்டமென்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார். நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'தெளிவு'.

அவருடைய மாமியாரும் அவர் வீட்டில்தான் இருந்தார். மாமனார் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு முன் ஒரு படத்தில், ரயில் நிலையக் காட்சியில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். படம் வெளிவந்தபோது ஆள் இல்லை. அந்தப் படம் அதுவரை டேப்பில் மட்டும்தான் வந்திருந்தது. வீட்டிலிருந்த அந்த டேப்பில் பெட்டியோடு ஒருவர் திரும்புவார். முகம் வெறும் புகை. "அதோ எங்கப்பா" என்று தெளிவின் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

மாமியாருக்குக் கண்புரை எடுத்தார்கள். ஒருநாள் மருமகனிடம் கேட்டார்: "கண்ணு தெளிஞ்சிடுச்சு மாப்ளே. படம்தான் தெளியல. நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்."

தெளிவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் அவரிடம் டிஸ்க் கேட்ட முதல் ஆள்! மூலப் படச்சுருளிலிருந்து புதிதாக எடுத்த பதிப்பை வரவழைத்து, மனைவி வேலைக்குப் போயிருந்தபோது போட்டுப் பார்த்தார். அப்பழுக்கில்லாத பதிப்பு. பெட்டிக்காரர் திரும்பினார். கன்னத்தில் அம்மைத் தழும்பு, தூக்கிய காது. சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தில் இரண்டும் கிடையாது. யாரோ ஒரு ஆள்.

டிஸ்க்கை எடுக்க எழுந்தார். அதற்குள் மாமியார் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம் அத்தை. இது சரியில்ல. டேப்பே தேவலாம்."

எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது இந்தப் பொய்யை அவரே ஒருநாள் கடையில் சொல்லிக் கேட்டபிறகுதான்.

"பெட்டி வச்சிருக்கவரைப் பாத்துட்டீங்களா?" என்றார் மாமியார்.

அவர் கண் சுவரிலிருந்த மாமனார் படத்துக்குப் போனது.

"அவரு இல்லேன்னு எனக்கு தியேட்டர்லயே தெரியும் மாப்ளே. அங்க பளிச்சுனு இருந்துச்சே. எம் பொண்ணு அப்ப என் மடியில உக்காந்துக்கிட்டு 'அப்பா எங்க, அப்பா எங்க'ன்னு ஒரே அழுகை. கண்ணுல பட்ட ஆளைக் காட்டிட்டேன். இவளைச் சமாதானப்படுத்துறதுக்குள்ள அந்தக் காட்சியே போயிடுச்சு. நான் அவரைத் தேடவே இல்ல. மறுபடி போய்ப் பாக்க மனசு வரல. அப்புறம் டேப் வந்துச்சு. அதுல யாரைன்னு தேடுறது?"

"அப்ப இந்த டிஸ்க்..."

"அந்தக் கூட்டத்துல எங்கயோ அவரு நிக்கிறாரு. அதுக்குத்தான் நல்லதா கேட்டேன்."

தெளிவு காட்சியை முதலிலிருந்து ஓட்டி நிறுத்தினார். நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு மாமியாரை உட்காரவைத்தார். இடது ஓரத்து முகத்தில் விரலை வைத்தார்.

"இவரா அத்தை?"

"இல்ல."

"இவரா?"

கிழவி திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்தார்.

"இல்ல. அடுத்தவரைக் காட்டுங்க."